பில்லில் ஒரு பெயர், சுவரில் வேறு கம்பி

கடிதம் நான்கே வரிதான். பினாங்கில் எங்கள் வட்டாரத்து இணைய இணைப்புகள் புதிய கட்டமைப்புக்கு மாற்றப்படுகின்றன, மாதக் கட்டணம் மாறாது, வேகம் கூடும், குறித்த நாளில் வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். அந்த நாளில் ஓர் இளைஞர் வந்தார். கதவோரம் புதுத் துளை போட்டு மெல்லிய வெள்ளைக் கம்பியை உள்ளே இழுத்தார். பழைய பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டினார். கைப்பேசியில் வேகத்தை அளந்து காட்டினார். முன்பு 94 மெகாபிட் வந்த இடத்தில் 280 வந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்றிரவு ஒன்பது மணிக்கு நாகப்பட்டினத்திலிருந்து பெரியம்மா காணொளி அழைப்பில் வந்தார். பழைய இணைப்பில் அம்மாவும் அவரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். அன்று பெரியம்மாவின் முகம் பாதிச் சிரிப்பில் உறைந்து நின்றது. குரல் அறுந்து அறுந்து வந்தது. "தங்கச்சி, கேக்குதா?" என்ற கேள்வியைத் தவிர வேறெதுவும் முழுதாக வந்து சேரவில்லை. மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும்.

மூன்று மடங்கு வேகம் கூடிய வீட்டில் ஒரு சாதாரணப் பேச்சு ஏன் நடக்கவில்லை? இதற்கு விடை தேடப் போனால், நம் நாட்டில் வீட்டு இணையம் விற்கப்படும் முறை முழுவதையும் எடைபோட வேண்டியிருக்கிறது.

நாம் பணம் கட்டும் நிறுவனமும் நம் வீட்டுக்குள் வரும் கண்ணாடியிழையின் உரிமையாளரும் ஒருவராக இருக்க வேண்டியதில்லை. டெலிகோம் மலேசியாவுக்கு நாடு முழுவதும் கம்பி இருக்கிறது. டைம் டாட்காம் பெரும்பாலும் அடுக்குமாடிகளைத் தேடித் தன் கம்பியைப் போட்டது. மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலின் துணை நிறுவனம் அலோ, தானும் இழை விரித்து மற்றவர்களுக்கு வாடகைக்கு விடுகிறது. மெக்சிஸ், செல்கோம்டிஜி போன்ற நிறுவனங்கள் பல இடங்களில் பிறர் கம்பியின் மேல் தங்கள் சேவையை ஏற்றி விற்கின்றன. ஆகவே ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளரை ஒருவர் கம்பியிலிருந்து இன்னொருவர் கம்பிக்கு மாற்றும்போது, பில்லில் இருக்கும் பெயர் அப்படியே இருக்கும். அடியில் எல்லாம் மாறியிருக்கும்.

இந்தப் பகிர்வு முறையை நான் எதிர்க்கவில்லை. அது இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பதற்குக் கணக்கே சாட்சி. 2008 செப்டம்பரில் அரசாங்கமும் டெலிகோம் மலேசியாவும் அதிவேக அகலக்கற்றைத் திட்டத்துக்குக் கையெழுத்திட்டன. மொத்தச் செலவு 1,130 கோடி ரிங்கிட். அதில் 240 கோடி பொதுப்பணம். 2010 மார்ச்சில் டெலிகோம் மலேசியாவின் யூனிஃபை சேவை வந்தபோது 5 மெகாபிட்டுக்கு மாதம் 149 ரிங்கிட் கேட்டார்கள். ஒரு மெகாபிட் கிட்டத்தட்ட 30 ரிங்கிட். தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்து, பாதுகாவலர் வேலையும் துப்புரவு வேலையும் பார்த்த குடும்பங்கள் நெருங்க முடியாத விலை அது.

அந்த விலையை உடைத்ததில் 2018 ஜூனில் நடைமுறைக்கு வந்த ஒழுங்குமுறைக்குப் பெரும் பங்கு உண்டு. கம்பி வைத்திருப்பவர் அதை மற்றவர்களுக்கு என்ன விலைக்கு வாடகைக்கு விட வேண்டும் என்பதற்கு மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் வரம்பு கட்டியது. இரட்டிப்பு வேகம், பாதி விலை என்று தேர்தலில் சொன்னதை நிறைவேற்றும் பொறுப்பு அன்றைய தொடர்புத் துறை அமைச்சர் கோபிந்த் சிங் டியோவிடம் இருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் டைம் 100 மெகாபிட்டை 99 ரிங்கிட்டுக்கு விற்றது. ஒரு மெகாபிட் ஒரு ரிங்கிட்டுக்கும் கீழே. யூனிஃபையில் 30 மெகாபிட் வைத்திருந்தவர்களுக்குக் கூடுதல் கட்டணம் இல்லாமலே 300 கிடைத்தது. எட்டு ஆண்டுகளில் இவ்வளவு பெரிய சரிவை வேறு எந்த வீட்டுச் செலவிலும் நான் பார்த்ததில்லை. பொதுப்பணம் கலந்த கம்பியில் பிறரும் ஏறிச் செல்ல உரிமை உண்டு என்ற கொள்கை சரியானது. அது மக்களுக்கு நன்மை செய்தது.

குறை, அந்த வெற்றியை அளந்த கோலில் இருக்கிறது. வேகம் என்ற ஒற்றை எண்ணை மட்டும் நாம் பிடித்துக்கொண்டோம்.

எங்கள் சுங்கை பினாங் ஆற்றைத் தெரிந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. அதில் வெள்ளம் வருவது மழையால் மட்டும் அல்ல. ஆயர் ஈத்தாம் பக்கமிருந்து மழைநீர் இறங்கி வரும் நேரத்தில் கடல் ஏற்றமாக இருந்தால், ஆற்றின் வாயில் தண்ணீருக்குப் போக்கிடம் இருக்காது. 2017 நவம்பர் வெள்ளத்தை அனுபவித்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. வீட்டு வாசல் சாக்கடையை இரண்டு மடங்கு அகலமாக்கினாலும், ஆற்று வாய் அடைத்திருந்தால் முற்றத்தில் தண்ணீர் நிற்கத்தான் செய்யும். அந்த இளைஞர் அளந்து காட்டியது வாசல் சாக்கடையின் அகலம். பெரியம்மாவின் குரல் ஆற்று வாயைக் கடந்து வர வேண்டியிருந்தது.

வேகச் சோதனைச் செயலி வழக்கமாக அருகிலிருக்கும் சர்வரைத்தான் தேர்ந்தெடுக்கும். பல நேரம் அது இணைய நிறுவனத்தின் சொந்த வலைக்குள்ளேயே இருக்கும். யூடியூபும் நெட்ஃபிளிக்ஸும் அதிகம் பார்க்கப்படும் படங்களைச் சேமித்த பெட்டிகளை நிறுவனங்களின் வலைகளுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. அதனால் மாற்றத்துக்குப் பிறகு எங்கள் மாடியில் பாதிப்பேர் மகிழ்ச்சியாகவே இருந்தார்கள். படம் தடங்கலில்லாமல் ஓடியது. நாட்டுக்கு வெளியே போகும் பாதை வேறு. அதற்கான கடலடிக் கம்பிக் கொள்ளளவை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே வாங்குகிறது, தனித்தனியே சிக்கனம் பிடிக்கிறது. கட்டமைப்பை மாற்றும்போது இந்தப் பாதையும் சேர்ந்து மாறக்கூடும்.

அந்த வெளிநாட்டுப் பாதை புதிதல்ல. 1870-71இல் பிரிட்டிஷ் இந்தியன் எக்ஸ்டென்ஷன் தந்தி நிறுவனம் மதராஸிலிருந்து பினாங்குக்கும், இங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கம்பி போட்டது. அன்று இந்தத் தீவிலிருந்து சென்னைக்குச் செய்தி வங்கக் கடலைக் குறுக்கே கடந்து நேராகப் போனது. இன்று அது முதலில் தெற்கே சிங்கப்பூருக்குப் போகவும் கூடும். சென்னைக்கு நேர்த்தூரம் சுமார் 2,400 கிலோமீட்டர். கண்ணாடியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. போய்வர 24 மில்லிநொடி போதும். சிங்கப்பூர் வழியாகச் சென்றால் 35 ஆகும், அதையும் யாரும் உணர மாட்டார்கள். மாலை நெரிசலில் தரவுப் பொட்டலங்கள் வரிசையில் நின்று, இடமில்லாமல் வழியிலேயே கைவிடப்படும்போதுதான் முகம் உறைகிறது. மடிக்கணினியைக் கம்பியால் ரவுட்டரில் இணைத்துப் பதினான்கு நாள்கள் நானே அளந்து நோட்டில் எழுதினேன். காலையில் சென்னைப் பக்கம் அனுப்பிய நூறு பொட்டலங்களில் ஒன்றும் தவறவில்லை. இரவு ஒன்பதுக்கு ஆறோ ஏழோ திரும்பவில்லை. அந்த நேரத்திலும் வேகச் சோதனை 270க்குக் கீழே இறங்கவில்லை.

எதிர்வாதம் ஒன்றையும் கேட்க வேண்டும். கட்டமைப்பு மாறும்போது ரவுட்டரும் மாறுகிறது. அடுக்குமாடியில் சுவருக்குச் சுவர் வைஃபை அலைகள் மோதுகின்றன. மக்கள் குறைசொல்லும் மந்தத்துக்கு அந்தப் பெட்டியும் அதை வைத்த மூலையும் காரணமாக இருப்பது உண்டு. எதிர்வீட்டு ஆன்ட்டி புதுப் பெட்டியைக் காலணி அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்தார். அதை எடுத்து மேசைமேல் வைத்ததும் அவர் வீட்டுச் சிக்கல் தீர்ந்தது. வேகம் கூடியதோ குறைந்ததோ, உடனே கம்பியின் உரிமையாளரை நோக்கி விரல் நீட்டுவது நியாயமில்லை. கம்பியால் இணைத்துக் காலையும் இரவும் அளக்காத எந்தப் புகாரும் பாதிப் புகார்தான்.

விளம்பரத்தில் வராத வேறு கணக்குகளும் இருக்கின்றன. இங்கே பரவலாக உள்ள ஜிபான் முறையில் சுமார் 2.5 கிகாபிட் கொள்ளளவை ஓர் இழை சுமந்து வந்து, பிரிப்பானில் பல வீடுகளுக்குப் பங்கிடுகிறது. 32 வீடுகள் என்று வைத்தால், எல்லோரும் ஒரே நொடியில் இழுக்கும்போது தலைக்கு 78 மெகாபிட்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் இழுப்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் 300ஐயும் 500ஐயும் விற்கிறார்கள். பெரும்பாலான நாள்களில் அந்த நம்பிக்கை பொய்ப்பதில்லை. பதிவேற்ற வேகம் இன்னொன்று. யூனிஃபையின் 300 மெகாபிட் திட்டத்தில் அது 50ஆகத்தான் இருந்தது. வீட்டிலிருந்து பாடம் நடத்தும் ஆசிரியருக்கும் கோப்பு அனுப்பும் வடிவமைப்பாளருக்கும் அந்தச் சிறிய எண்தான் பெரியது.

கீழே ஒட்டுக்கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு வேறு அனுபவம். மாற்றத்துக்குப் பிறகு கடையின் கண்காணிப்புக் கேமராவை வீட்டிலிருந்து கைப்பேசியில் பார்க்க முடியவில்லை. பழைய இணைப்பில் அவருக்கென்று ஒரு பொது முகவரி இருந்தது. புதியதில் பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. வெளியிலிருந்து கதவைத் தட்டினால் எந்த வீடு என்று தெரியாது. வேகம் கூடும் என்று சொன்ன கடிதம் இதைச் சொல்லவில்லை. இரண்டு வாரம் அவர் கேமரா விற்றவரோடு சண்டை போட்டார், பாவம், விற்றவர்மீது ஒரு தவறும் இல்லை.

எனக்கு மிகவும் கோபம் தரும் இடம் பொறுப்பு. கோளாறு என்றால் நாம் பில் அனுப்பியவரை அழைக்கிறோம். அவர் கம்பி உரிமையாளருக்குப் புகார்ச் சீட்டு அனுப்புகிறார். உரிமையாளர் ஒரு குத்தகையாளரை அனுப்புகிறார். வந்தவர் கம்பியில் ஒளி சரியாக இருக்கிறது என்கிறார். அவர் அளவில் அது உண்மை. சீட்டு மூடப்படுகிறது. விற்றவரோ கம்பிக்காரர் சரி என்று சொல்லிவிட்டாரே என்கிறார். சிக்கல் இருவருக்கும் நடுவில் உள்ள ஏதோவோர் இணைப்பில் இருக்கிறது, அதற்கு யாரும் பெயர் சொல்வதில்லை. பல ஒப்பந்தங்கள் 24 மாதத்துக்கு நம்மைக் கட்டிப்போடுகின்றன. அவர்கள் அடித்தளத்தையே மாற்றலாம், நாம் விலகினால் அபராதம். இது எந்த வகையில் நியாயம்?

சிங்கப்பூர் இதை வேறுவிதமாகச் செய்தது. அங்கே வீடுகளுக்கான இழைக் கட்டமைப்பு நெட்லிங்க்கிடம் இருக்கிறது. அது வீடுகளுக்கு நேரடியாக இணையம் விற்பதில்லை. யாரிடம் வாங்கினாலும் சுவரில் அதே துளைதான். இங்கே டெலிகோம் மலேசியா கம்பியை வாடகைக்கும் விடுகிறது, அதே வாடிக்கையாளருக்காகத் தானும் போட்டியிடுகிறது. வாடகைக்காரர் வேறு கம்பியைத் தேடி ஓடுவதில் வியப்பில்லை. அந்த ஓட்டத்தால்தான் எங்கள் படிக்கட்டுச் சுவர்களில் பழைய கம்பியும் புதிய கம்பியும் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன.

அந்த ஓட்டமும் எல்லாக் கட்டடத்துக்கும் வருவதில்லை. கடலோரக் கொண்டோவில் ஒரே கட்டடத்துக்கு இரண்டு மூன்று கம்பிகள் போட்டி போட்டு ஏறுகின்றன. ஆற்றோரத்து மலிவுவிலை அடுக்குமாடியில் ஒன்று வருவதே தாமதம். நாட்டின் பல உயரக் கட்டடங்களில் கட்டடம்வரை இழை, அதற்கு மேல் பழைய தொலைபேசிச் செம்புக் கம்பி என்ற ஏற்பாடு நீண்ட காலம் இருந்தது. செம்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதனால் 2018இன் பாய்ச்சல் அங்கே அதே அளவில் ஏறவில்லை. பகிர்வின் பலன் போட்டி என்றால், போட்டி நுழையாத கட்டடத்தில் அதன் பலன் பாதிதான்.

நான் கேட்பது பெரிதல்ல. கம்பி யாருடையது என்று பில்லில் ஒரு வரி. மாற்றுவதற்கு முன் முகவரி, பதிவேற்றம், வெளிநாட்டுப் பாதை ஆகியவற்றில் என்ன மாறும் என்று தெளிவான கடிதம். மாற்றத்துக்குப் பின் ஒரு மாதத்துக்குள் அபராதமின்றி விலகும் உரிமை. தாமதத்துக்கும் பொட்டல இழப்புக்கும் ஆணையம் ஏற்கெனவே கட்டாயத் தர நெறிகள் வைத்திருக்கிறது. விற்பனைப் பதாகையில் வேகத்துக்குப் பக்கத்தில் அந்த எண்களையும், இரவு ஒன்பது மணிக்கு அளந்தவையாக, அச்சிடச் சொல்ல ஆணையத்தால் முடியும்.

நோட்டைக் காட்டிய பிறகு, நான்காவது முறையாக ஒரு தொழில்நுட்பர் வந்தார். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "அண்ணே, இது யார் லைன்?" என்பதுதான். எனக்குத் தெரியவில்லை. பில்லை எடுத்துப் பார்த்தோம், கடிதத்தையும் ஒப்பந்தத்தையும் பார்த்தோம். எதிலும் இல்லை. இருவரும் படிக்கட்டு வழியே இறங்கி, கீழ்த்தளத்துப் பெட்டியைத் திறந்து, கைப்பேசி வெளிச்சத்தில் ஒரு சிறிய ஒட்டுச்சீட்டைப் படித்துத் தெரிந்துகொண்டோம்.