துருவ ஒளியில் ஒரு சிவப்பு

துருவ ஒளியைப் படமெடுப்பவர்கள் பச்சையில் மயங்குவார்கள். என் ஓட்டு அதற்கும் மேலே, 200 கிலோமீட்டருக்கு அப்பால் மங்கலாக எரியும் ஆக்சிஜன் சிவப்புக்குத்தான். காந்தக்கோடுகளை ஒட்டி இறங்கும் எலக்ட்ரான்கள் அணுக்கள் மீது மோதுவதால் அந்த 630 நானோமீட்டர் ஒளி லேசாகத் தளவிளைவுறும்; அதாவது, அதன் அதிர்வு ஒரு திசையில் சற்றே மிகும். வெறும் கண்ணுக்கு இந்தத் தளவிளைவு தெரியாது. அளக்கும் கருவியோ எளிது: சுழலும் போலராய்டு வடிகட்டி, பின்னால் ஒளிமானி. ஒரு சுற்றுக்கு இருமுறை ஒளி ஏறி இறங்கினால் தளவிளைவு உண்டு. 2008இல் ஆய்வாளர் லிலென்ஸ்டனின் குழு, ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் எடுத்த அளவீட்டை வெளியிட்டது. கிடைத்தது சில சதவீதம்தான்.

பிறகு வந்தது சிக்கல். கோட்பாட்டின்படி தளவிளைவே கூடாத பச்சையிலும் அது தென்பட்டது! ஊர் விளக்குகளும் வானின் மற்றப் பகுதி வெளிச்சமும் கீழ்க்காற்றில் சிதறிக் கலந்தால் அப்படித் தெரியும் என்று கணினி மாதிரிகள் காட்டின. அந்தச் சிதறலைக் கழிக்காமல் சிவப்பின் கணக்கையும் நம்ப முடியாது.