தெரியாத மொழியில் திக்கலை எண்ணுவது

தனக்குத் தெரியாத மொழியைப் பேசுகிற ஒருவருக்குத் திக்குவாய் இருக்கிறதா, இருந்தால் எந்த அளவு என்று ஒரு பேச்சுச் சிகிச்சையாளர் தீர்மானிக்க முடியுமா? மைசூரில் 1965இல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் போன்ற இடங்களில் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட வழியில்லை. கன்னடம் பேசுகிற சிகிச்சையாளரின் முன்னால் தமிழோ மலையாளமோ பேசுகிறவர் வந்து உட்காருகிறார். சென்னையிலும் ஒடியாவும் வங்காளமும் பேசுகிற குடும்பங்கள் பெருகிவிட்டன. வந்தவரைப் பேசவிட்டுப் பதிவுசெய்து, திக்கிய இடங்களை எண்ணி, நூற்றுக்கு இத்தனை என்று எழுதிவிடும் முறை ஒன்று இருக்கிறது. அதில் பாதி நியாயமும் இருக்கிறது.

கடுமையாகத் திக்குகிறவரைக் கண்டறிய அவருடைய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. உதடு இறுகுகிறது, இமை துடிக்கிறது, வாய் திறந்திருந்தும் ஒலி வெளியே வர மறுக்கிறது. இது எந்த நாட்டிலும் ஒன்றுதான். பெல்ஜியத்தைச் சேர்ந்த வான் போர்செலும் பிரேசில் ஆய்வாளர் பெரெய்ராவும் 2005இல் வெளியிட்ட ஆய்வில் டச்சுக்காரர்களும் போர்த்துக்கீசிய மொழிக்காரர்களும் ஒருவர் மொழியில் மற்றவர் திக்குகிறாரா என்று கேட்டுச் சொன்னார்கள். பெரும்பாலும் சரியாகவே சொன்னார்கள். ஆனால் தாய்மொழியில் இருந்த துல்லியம் வேற்று மொழியில் இல்லை. கேட்பவரின் மொழிக்கு அந்த மொழி எவ்வளவு நெருக்கம் என்பதும் முக்கியம் என்று வான் போர்செல் குழுவின் பிந்தைய ஆய்வு சொன்னது.

ஆக, கண்டுபிடிக்க முடிகிறது. ஆனால் கண்டுபிடிப்பது வேறு, அளப்பது வேறு. கிளிண்டன் ரைலி 1972இல் வெளியிட்டு இன்றும் உலகெங்கும் பயன்படுகிற தீவிர அளவுகோல் மூன்றைக் கேட்கிறது: எத்தனை முறை திக்குகிறார், மிக நீண்ட திக்கல்கள் எவ்வளவு நேரம் நீடிக்கின்றன, உடலில் என்ன அசைவுகள் தெரிகின்றன. பின்னிரண்டையும் மொழி தெரியாதவர் ஓரளவு நம்பி எழுதலாம். முதலாவதில்தான் எல்லாம் கெடுகிறது.

தமிழையே எடுத்துக்கொள்வோம். 'சின்னச் சின்ன', 'போகப் போக', 'வரவர' என்று சொல்லை இரட்டிப்பது நமக்கு இயல்பு. தமிழறியாதவருக்கு இவை சொல்லைத் திரும்பச் சொல்வதாகவே கேட்கும். ஒன்றை அழுத்திச் சொல்ல 'ரொம்ம்ப' என்று மெய்யை நீட்டுகிறோம். கேட்பவர் அதை இழுத்தல் என்று குறித்துவிடலாம். கணக்கிலும் சிக்கல் உண்டு. 300 அசை கொண்ட பேச்சில் ஒருவர் 9 முறை திக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அசைக்கணக்கில் நூற்றுக்கு 3. ஓரசைச் சொற்கள் மிகுந்த ஆங்கிலத்தில் அது 240 சொற்களாக இருந்தால் நூறு சொல்லுக்கு 4கூட இல்லை. 'வந்துகொண்டிருந்தார்கள்' என்பது ஒரே சொல்லாக நிற்கிற தமிழில் அதே பேச்சு 100 சொற்களில் முடிந்தால் கணக்கு 9 ஆகிவிடும். மனிதர் மாறவில்லை, திக்கல் மாறவில்லை, அறிக்கையில் மட்டும் நோய் இருமடங்குக்கும் மேலாகிறது.

இவையெல்லாம் இல்லாததைக் கூட்டி எண்ணும் பிழைகள். எதிர்த்திசைப் பிழைதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. பல ஆண்டுகள் திக்கிய ஒருவர் திக்காமல் தப்பிக்கக் கற்றுக்கொண்டிருப்பார். ஓட்டலில் தோசை வேண்டும், ஆனால் 'தோ' வாயில் வராது என்று முன்கூட்டியே தெரிகிறது, இட்லி கேட்டுச் சாப்பிட்டுவிட்டு வருகிறார். தாத்தாவை 'அப்பாவோட அப்பா' என்கிறார். கடினமான சொல் வருமுன் 'வந்து... வந்து' என்று ஓடுதளம் போட்டுக்கொள்கிறார். 'வந்து' எல்லோரும் போடுகிற சொல். ஆனால் அது எப்போதும் ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களுக்கு முன்னால்தான் வருகிறது என்பதையும், 'அப்பாவோட அப்பா' என்று யாரும் சாதாரணமாகச் சொல்லமாட்டார்கள் என்பதையும் தமிழ்க் காதுதான் பிடிக்கும். தமிழறியாத சிகிச்சையாளர் சரளமான பேச்சைக் கேட்டு, 'லேசானது' என்று எழுதுவார். வேலைக்கான நேர்காணலுக்கே போகாமல் ஒதுங்கிய ஒருவரின் பாடு அந்த ஒரு சொல்லில் அடங்கிப்போகும்.

மொழிபெயர்க்க ஒருவரை அருகில் வைத்துக்கொண்டால் போதாதா? யார் அவர் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலும் அம்மாவோ அண்ணனோதான் அந்த வேலையைச் செய்கிறார்கள். அவர்கள் பொருளைச் சொல்வார்கள், திக்கிய இடத்தைச் சொல்லமாட்டார்கள். பிள்ளை சொல்லித் திணறுவதற்குள் தாமே வாக்கியத்தை முடித்தும் விடுவார்கள். அது அன்பால் வருவது, ஆனால் மதிப்பீட்டைக் கெடுக்கிறது. அந்த மொழி பேசுகிற, திக்கல் என்றால் என்னவென்று முன்பே சொல்லிக்கொடுக்கப்பட்ட ஒருவர் பதிவைச் சிகிச்சையாளருடன் சேர்ந்து இரண்டாம் முறை கேட்பது பலமடங்கு மேல். அதைவிடவும் நல்லது, திக்குகிறவரையே பக்கத்தில் உட்காரவைத்துப் பதிவை ஓடவிட்டு, எங்கே சொல்லை மாற்றினீர்கள் என்று கேட்பது. யாரஸும் கெசலும் 2006இல் கொண்டுவந்த வினாநிரல் திக்கல் ஒருவருடைய அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அவரிடமே கேட்கிறது. இந்த வழி எண்ணிக்கையை நம்பியிருப்பதில்லை. நல்ல மொழிபெயர்ப்பு மட்டும் அதற்கு வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் தவறின் விலை கூடுதல். நூறு அசைக்கு 3 திக்கல் என்ற எல்லைக்கோடு அமெரிக்காவின் ஆங்கிலக் குழந்தைகளைக் கேட்டு உருவானது. பேர்டும் சக ஆய்வாளர்களும் 2015இல், ஸ்பானியமும் ஆங்கிலமும் பேசுகிற, திக்குவாய் இல்லாத 18 குழந்தைகளைக் கேட்டார்கள். திக்கல் போலத் தோன்றும் தடுமாற்றம் அவர்களிடம் நூற்றுக்கு 3 முதல் 22 வரை இருந்தது. இரு மொழியில் சொல் தேடும் பிள்ளை 'நா... நா... நான்' என்பது எப்போதும் நோயல்ல. பிள்ளையின் உடலில் இறுக்கம் இருக்கிறதா, மூச்சு அடைக்கிறதா, பேசப் பயப்படுகிறதா என்பவையே அங்கே வேறுபாட்டைக் காட்டும்.

வெறும் எண்ணிக்கையை வைத்து முத்திரை குத்துகிற இடத்தில், அடுத்து 'வீட்டில் ஒரே மொழியில் பேசுங்கள்' என்ற அறிவுரையும் வந்துவிடுவதுண்டு. இரு மொழி பேசுவதுதான் திக்கலை வரவழைக்கிறதோ என்ற இந்தச் சந்தேகம் பழையது. டிராவிஸும் உடனாய்வாளர்களும் 1937இல் இண்டியானாவின் கிழக்குச் சிகாகோவில் 4,827 குழந்தைகளைப் பார்த்து, ஒருமொழிக் குழந்தைகளில் 1.8 சதவீதத்தினரும் இருமொழிக் குழந்தைகளில் 2.8 சதவீதத்தினரும் திக்குவதாக எழுதினார்கள். எஃகு ஆலை வேலைக்காகக் குடியேறியவர்கள் நிறைந்த ஊர் அது. இருமொழியோடு குடிபெயர்வின் நெருக்கடியையும் சேர்த்துச் சுமந்த பிள்ளைகள் அவர்கள். அந்த வேறுபாட்டை மொழியின் தலையில் மட்டும் போட எனக்கு மனம் ஒப்பவில்லை. பிள்ளையை அதன் வீட்டு மொழியில் ஒருமுறைகூடச் சரியாகக் கேட்காத ஒருவர், பாட்டியோடு பேசுகிற அந்த மொழியை நிறுத்தச் சொல்ல என்ன ஆதாரம் வைத்திருக்கிறார் என்று பெற்றோர் கேட்க வேண்டும்.