கூத்துக்களத்தில் மந்திரக் கணை

கர்ண மோட்சக் கூத்தில் உண்மை அம்பு ஒன்றும் பறப்பதில்லை. வில்லேந்திய அருச்சுனன் பாடிச் சுழன்று ஆடுகின்றான். எதிரே கர்ணனும் அவ்வாறே. கணையின் பெயரைப் பாட்டே அறிவிக்கும். எய்தவன் பாடி முடித்ததும், பட்டவன் தளர்ந்தாலன்றி அக்கணை பட்டதாகாது. ஆகவே மந்திரத்தின் வலிமை எய்தவனிடம் இல்லை; ஏற்றுக்கொள்பவனிடமே உள்ளது. இந்நுட்பத்தை நம் இலக்கியத் திறனாய்வாளர் போதிய அளவு பேசவில்லை.

மேலைநாட்டிலும் இதனையொத்த விளையாட்டு ஒன்று வளர்ந்துள்ளது. இங்கிலாந்தின் செஷயர் வட்டாரத்துப் பெக்ஃபர்டன் கோட்டையில் 1982-இல் வேடம் பூண்டோர் மெத்தை வாளேந்திப் பொருதனர். இத்தகைய ஆட்டங்கள் பலவற்றில் மந்திரவாதியாக வருபவர் குறித்த சொற்றொடரைப் பிழையின்றிச் சொல்லிச் சிறு துணிப்பொட்டலம் ஒன்றை எறிவார். அது மேலே பட்டவர், தாம் கட்டுண்டதாகவோ மாண்டதாகவோ தாமே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்பாதவனை என் செய்வது? அங்கும் நேர்மையே மந்திரத்தின் வேர்.

ஆனால் வேறுபாடு பெரிது. அவ்வாட்டங்களில் மந்திரத்திற்கு எல்லை வகுப்பது விதிநூல். இன்ன மந்திரம் இத்தனை முறை என்று எண்ணிக் கொடுத்துவிடும். பாரதத்திலோ எல்லை வகுப்பது வாழ்க்கை. இந்திரன் தந்த வேல் ஒருமுறைக்கே உரியது. அருச்சுனனுக்கெனக் காத்த அதனைக் கடோற்கசன் மேல் எறிய நேர்ந்தது. பரசுராமன் சாபத்தால் உற்ற வேளையில் மந்திரம் நினைவிற்கு வாராதாயிற்று. வில்லிபுத்தூரார் காட்டும் நாகக்கணையோ இவற்றினும் நுட்பமானது. ஒருமுறைக்கு மேல் அதனைப் பார்த்தன்மேல் தொடுக்கலாகாது எனக் குந்தி வரம் வேண்டினாள், மகன் இசைந்தான். முதற் கணை தவறியபின், மறுமுறை எய்ய அவனைத் தடுத்தது படைக்கலத்தின் குறையன்று, தாய்க்குத் தந்த சொல். போர்விதி ஒன்றை மானுடத் துயரமாக மாற்றிய இவ்விடத்தில் தமிழ்ப்பாரதம் சிறந்து நிற்கின்றது.

1964-இல் வந்த ‘கர்ணன்’ திரைப்படம் சிறந்த படமே, மறுப்பார் இலர். எனினும் திரையில் கணையை ஓட்டுவது படக்கருவி. பட்டவனின் இசைவைக் காண்போர் நாடுவதில்லை.

ஜொகூரில் ஜாவா வழியினர் ஆடும் குடா கெப்பாங் மற்றொரு முனை. மூங்கிற் குதிரை ஏறி ஆடுவோர் இசையிலும் தலைவனின் மந்திரத்திலும் தம்மை மறந்துவிடுகின்றனர், மீட்பவன் அத்தலைவனே. நம் கூத்தனோ தன்னை மறவாமல் வீழ்பவன். (கூத்திலும் ஆவேசம் உண்டு, துகிலுரியும் இரவுகளைக் கண்டோர் அறிவர்.) அருச்சுனன் தவசில், பாசுபதம் பெறத் தவக்கம்பம் ஏறியவன் மேலிருந்து எறியும் எலுமிச்சங்கனியைப் பிள்ளைவரம் வேண்டும் பெண்டிர் மடியேந்திப் பெறுகின்றனர். அங்கே ஏற்றுக்கொள்பவர் ஆடுகளத்திற்கு வெளியே நிற்பவர். வேடமிட்டவன் எறிந்த கனி என்று அவர்கள் தள்ளுவதில்லை.

பள்ளி விழாவில் இக்கதையை நடிப்பிக்கும் ஆசிரியர், ஒலிப்பதிவில் அம்பின் சீழ்க்கையைத் தேடி அலைகின்றார். கர்ணனாக நிற்கும் சிறுவனுக்கு எப்போது, ஏன் வீழவேண்டும் என்று சொல்லித் தருவதற்கே அந்நேரம் உரியது.