இராமநாதன் கட்டிய கல்லூரியும் அவர் மறுத்த வாக்கும்

சேர். பொன். இராமநாதனைப் பற்றி மேடையேறுவோர் அவருடைய பதவிகளையே அடுக்குவார்கள். 1879இல் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதி, பின்பு சொலிசிட்டர் ஜெனரல், 1911இல் படித்த இலங்கையருக்கென ஒதுக்கப்பட்ட ஒரே ஆசனத்தைத் தேர்தலில் வென்றவர், 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தை அடுத்து இராணுவச் சட்டத்தில் அகப்பட்ட சிங்களவருக்காகக் குரல் கொடுத்தவர். எல்லாம் உண்மை. ஆனாலும் அவரை எடைபோட, 1913இல் யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் அவர் தொடங்கிய பெண்கள் கல்லூரியைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் 1824இலேயே பெண்களுக்கு விடுதிப் பள்ளி திறந்துவிட்டார்கள். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப் பள்ளியும், 1890இல் வந்த யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் ஆண்பிள்ளைகளுக்கே பயன்பட்டன. சமயத்தை விடாமல் மகளையும் நன்றாகப் படிப்பிக்க நினைத்த சைவக் குடும்பத்துக்கு வழி குறைவு. அந்தக் குறையை இராமநாதன் சொந்தப் பணத்தால் தீர்க்க முனைந்தார். அரசாங்கம் செய்யட்டும் என்று காத்திருந்தால் இன்னொரு தலைமுறைப் பெண்கள் அடுப்படியிலேயே நின்றிருப்பார்கள். 1921இல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அவர் எழுப்பிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளாகத்தில்தான் 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் வேர்கொண்டது. ஒரு தனிமனிதரின் கொடை இதைவிட நீண்டகாலம் பலன் தருவது அரிது.

ஆனால் கொடையாளி கட்டும் பள்ளிக்கு அவருடைய பார்வையே வேலியாகிவிடும். மகளை விடுதியில் விட்டுப் படிப்பிக்கும் வசதி அன்று யார் வீட்டில் இருந்தது? நிலமும் உத்தியோகமும் உள்ள வீடுகளில். அந்த வட்டத்துக்கு வெளியே இருந்தவர்களை இராமநாதனின் அரசியலும் சேர்த்துக்கொள்ளவில்லை. இலங்கையின் அரசியல் சீர்திருத்தத்தை ஆராய பிரிட்டிஷ் அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையைப் பரிந்துரைத்தபோது அவர் கடுமையாக எதிர்த்தார். பெண்ணுக்குப் படிப்பு வேண்டும் என்று கல்லூரி கட்டியவர், பெண்ணுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கும் வாக்குச்சீட்டைத் திறந்துவிடும் சீர்திருத்தத்துக்கு எதிரணியில் நின்றார். படிப்பை நல்ல இல்லத்தரசிக்குரிய அணியாகவும் சமயத்துக்குக் காவலாகவும் கண்டாரே தவிர, நாட்டை ஆளும் தகுதியாகக் காணவில்லை என்றே எனக்குப் படுகிறது.

“அவர் அந்தக் காலத்து மனிதர்” என்று சமாதானம் சொல்கிறார்கள். அந்தக் காலத்திலேதான் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சாதி வேற்றுமையை எதிர்த்தது. 1927இல் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவானது. எனவே காலத்தின்மேல் பழிபோட முடியாது. அவர் 1930 நவம்பரில் காலமானார். மறு ஆண்டே இருபத்தொரு வயது நிறைந்த பெண்களும் வாக்களித்தார்கள். 1932இல் நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண் கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார்.

அவர் செய்த கல்விப் பணி இதனால் சிறுத்துவிடாது. ஆனால் நிறுவுநரை வணங்கும் நாட்களில் மாணவிகளுக்குப் பாதி வரலாற்றை மட்டும் சொல்வது அவர்கள் பெற்ற படிப்புக்கே இழுக்கு. அந்த மேடைகளில் பேசுவோர் கல்லூரி பிறந்த கதையோடு வாக்குரிமையை அவர் எதிர்த்த கதையையும் சொல்ல வேண்டும்.