சாட்சி சொன்ன பெண், சபைக்குப் போன பெண்

2024 நவம்பர் பொதுத் தேர்தலில் திருகோணமலை மாவட்டம் நான்கு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. நால்வரும் ஆண்கள். அதை வைத்துக்கொண்டு இங்கே பெண்கள் அரசியல் செய்வதில்லை என்று யாராவது சொன்னால் மூதூரிலிருந்து குச்சவெளி வரை சிரிப்பார்கள். 2012இல் கிழக்கு மாகாண சபையின் தவிசாளரானவர் இதே மாவட்டத்தில் தெரிவான ஆரியவதி கலப்பத்தி. 2015இல் மாகாண வீதி அபிவிருத்தி அமைச்சும் அவர் கைக்கு வந்தது. 2018 உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீடு முதன்முறையாக நடைமுறைக்கு வந்தபோது, நகர சபைகளிலும் பிரதேச சபைகளிலும் பெண்கள் வந்து அமர்ந்தார்கள். அதற்கு முன் நாடு முழுவதும் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களின் பங்கு 2 வீதமளவில்தான் இருந்தது.

இவர்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சபையின் கூட்ட அறிக்கையில் தேடினால் முன்மொழிந்தவர் பெயரும் வழிமொழிந்தவர் பெயரும் கிடைக்கும், ‘ஏகமனதாக நிறைவேறியது’ என்ற வரியும் கிடைக்கும். ஒரு வீதி விளக்குக்காக யார் யாருடன் மல்லுக்கட்டினார், ‘கட்சிப் பட்டியலில் வந்தவர்தானே’ என்று யார் வாயை அடைத்தார் என்பதெல்லாம் அதில் ஏறாது. வாய்மொழி வரலாற்றின் தேவை இங்கேதான் தொடங்குகிறது.

இந்தக் கலையில் அமெரிக்கர்கள் முன்னோடிகள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 1970களில் வாக்குரிமைப் போராளிகளையும் பெண் அரசியல்வாதிகளையும் தேடிப்போய்ப் பேட்டி கண்டது. காங்கிரஸுக்குத் தெரிவான முதல் பெண் ஜெனட் ரேங்கின் 1972இல் பேசினார். அடுத்த வருடம் காலமானார். வாக்குரிமைப் போராளி அலிஸ் போலை 1972, 73இல் அமீலியா ஃப்ரை சந்தித்து எடுத்த பேட்டி தட்டச்சில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் நீள்கிறது. பிறந்த வீடு, படிப்பு, முதல் கூட்டம், சிறை, சட்டத்திருத்தம் என்று ஒரு வாழ்க்கை வரிசையாக விரிகிறது. பேசியவரிடமே எழுத்துப் பிரதியைக் கொடுத்துத் திருத்தி வாங்குவதும் அங்கே வழக்கம். அது மரியாதை, கூடவே ஆபத்தும். கோபத்தில் வந்த வார்த்தையைப் பேனா அடித்துவிடும். இந்தத் துறையைத் தொடங்கிவைத்த கொலம்பியா பல்கலைக்கழகம் ஆரம்பகாலத்தில் ஒலிநாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியது. எழுத்துதான் ஆவணம், குரல் வெறும் கச்சாப்பொருள் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருந்தது.

அந்த அமெரிக்க அச்சை அப்படியே திருகோணமலைக்குக் கொண்டுவந்தால் முதல் கேள்வியிலேயே சிக்கல். ‘நீங்கள் எப்போது அரசியலுக்கு வந்தீர்கள்?’ என்று கேட்டால், ‘நானெங்க அரசியலுக்கு வந்தன், மாதர் சங்கத்திலதான் இருந்தன்’ என்ற மாதிரிப் பதிலோடு பேச்சு முடிந்துவிடும். கிழக்கின் கிராமங்களில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்தான் பல பெண்களுக்கு அரசியலின் முதல் படி. சேமிப்புக் கணக்கு, பிரதேச செயலாளருக்குக் கடிதம், நிவாரணப் பட்டியலில் விடுபட்ட பெயர் என்று அங்கே நடப்பவற்றை அவர்கள் ‘வேலை’ என்பார்கள். சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்து கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் கிடந்து 2015இல் காணி மீளத் தொடங்கும்வரை மனுவும் போராட்டமுமாக நின்றார்கள். அதில் பெண்களின் உழைப்பைத் ‘தொழில் வாழ்க்கை’ என்ற கேள்விக்கொத்து எங்கே பிடிக்கும்?

உள்நாட்டு அச்சு வேறு. போர் முடிந்தபின் வந்த ‘ஹேர்ஸ்டோரிஸ்’ திட்டம் வடக்கிலும் தெற்கிலும் தாய்மாரின் கதைகளைக் கையெழுத்துக் கடிதம், காலக்கோடு, மரப்படம், காணொளி எனப் பல வடிவங்களில் சேகரித்தது. மைக்கை நீட்டிக் கேள்வி கேட்பதைவிடப் பேனையைக் கொடுத்துத் தனியே விடுவது எவ்வளவோ நல்லது; மைத்துனரோ அயலவரோ பக்கத்தில் நின்று திருத்த முடியாது. ஆனால் அந்தக் கதைக்குள் நுழைகிற வாசல் தாய்மை. ‘உங்கள் இழப்பைச் சொல்லுங்கள்’ என்று தொடங்கினால் அழுகை வரும், சபையில் எழுந்து பேசிய கதை வராது. போதாக்குறைக்கு ஆணைக்குழுக்கள். 2016இல் நல்லிணக்கப் பொறிமுறைகளுக்கான கலந்தாலோசனைச் செயலணியும் நாடெங்கும் ஆயிரக்கணக்கானோரிடம் கேட்டது. அதே கதையைப் பலதடவை சொன்ன பெண்ணின் பேச்சில் ஒரு வழுவழுப்பு வந்துவிடுகிறது. எந்த இடத்தில் கேட்பவர் எழுதுவார் என்று அவருக்கே தெரியும்.

நினைவு பிசகும் என்ற வழக்கமான குற்றச்சாட்டை அவ்வளவு பெரிதாக எடுக்க வேண்டியதில்லை. இத்தாலியில் டெர்னி நகரத் தொழிலாளி லூயிஜி ட்ரஸ்துல்லி 1949இல் கொல்லப்பட்டார். ஊரார் பலர் அதை 1953 ஆட்குறைப்புக் கலவரத்தோடு சேர்த்துச் சொன்னதை வாய்மொழி வரலாற்றாளர் அலெசாண்ட்ரோ போர்தெல்லி கண்டார். பிழையான தேதிதான் அந்த ஊரின் காயம் எங்கே என்று காட்டியது. 1983, 1985, 1990, 2006 என்று மக்கள் இடம்பெயர்ந்து ஓடிய திருகோணமலை மாவட்டத்தில் ‘இரண்டாம் இடம்பெயர்வு’ என்று ஒருவர் சொன்னால், அது எந்த வருடம் என்பதைக் குடும்ப அட்டையிலும் கிராம சேவகரின் பதிவிலும் சரிபார்க்கலாம். அவர் ஏன் அதை இரண்டாவதாக எண்ணுகிறார் என்பதைப் பேட்டி மட்டுமே தரும்.

தீராத முரண் பெயரில் இருக்கிறது. சாட்சியத்துக்குப் பெயர் மறைப்பு பாதுகாப்பு. அரசியல் வாழ்க்கைக்கோ பெயர்தான் உயிர். பெயரில்லாத பிரதேச சபை உறுப்பினரின் கதை யாருடைய கதையாகவும் இருக்கலாம். பத்து வருடத்துக்குப் பூட்டிவைப்போம், இறந்தபின் திறப்போம் என்ற வாக்குறுதியை அமெரிக்க ஆவணக்காப்பகங்கள் சுலபமாகக் கொடுக்கும். பொஸ்டன் கல்லூரியும் வட அயர்லாந்து மோதல் பற்றிய பெல்பாஸ்ட் பேட்டிகளுக்கு அப்படித்தான் கொடுத்தது. 2011இல் பிரித்தானியப் பொலிஸாருக்காக அமெரிக்க நீதித்துறை அழைப்பாணை அனுப்பி, முன்னாள் ஐ.ஆர்.ஏ. உறுப்பினர் டொலோர்ஸ் பிரைஸின் பதிவுகளைக் கேட்டது. வழக்குக்குப் பின் சில நாடாக்கள் கைமாறின. 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒரு தலைமுறையே வளர்ந்த ஊரில் அதைவிட உறுதியான பூட்டை யார் தருவார்?

ஆகவே போர்க்காலக் கதையையும் சபைக் கதையையும் ஒரே பேட்டியில் கறக்கும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். முன்னதைப் பெயரில்லாமல், அவசரமில்லாமல், தேவையானால் பதியாமலேகூடக் கேட்கலாம். பின்னதில் தயக்கத்துக்கு அவ்வளவு இடமில்லை. 2018இல் சபைக்குப் போன பெண்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், கூட்ட அறிக்கைகள் சபை அலுமாரியில் இருக்கின்றன. அறிக்கையை மடியில் வைத்துக்கொண்டு, ‘ஏகமனதாக’ என்று எழுதிய அன்று நடந்தது என்ன என்று தமிழிலும் சிங்களத்திலும் அவரவர் பேச்சிலேயே கேட்கத் தொடங்கலாம்.