ஊர் எல்லைக்குள் ஒரு நூல்

தெற்கு இத்தாலியின் பசிலிகாட்டா மாநிலத்தில், களிமண் குன்றுகளின் நடுவே அலியானோ என்றொரு சிற்றூர். டுரின் நகரத்து ஓவியரும் மருத்துவம் படித்தவருமான கார்லோ லேவி, முசோலினி ஆட்சியை எதிர்த்ததற்காக 1935 செப்டம்பரில் இங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டார். 1936 மே மாதம் விடுதலை கிடைத்தது. அந்த மாதங்களைப் பற்றிய ‘கிறிஸ்து எபோலியில் நின்றுவிட்டார்’ 1945இல் வெளியானது. இன்று அவர் பெயரில் அலியானோவில் ஓர் இலக்கியப் பூங்கா இருக்கிறது. எழுத்தாளர் ஸ்தானிஸ்லாவோ நியேவோ இத்தாலியில் முன்வைத்த இந்தப் பூங்காத் திட்டத்தோடு ‘உணர்வுப் பயணம்’ என்ற வடிவமும் பிறந்தது. வழிகாட்டி முன்னே நடப்பார். நூல் தொட்ட இடங்களில் நடிகர்கள் எதிர்ப்பட்டு அதன் பகுதிகளை நடிப்பார்கள்.

இந்த வடிவத்தை அலியானோவில் வைத்து அளக்க இரண்டு கேள்விகள் போதும். பக்கம் தராத எதையாவது நிலம் தருகிறதா? நடிப்பு நூலின் வாதத்தைச் சுமக்கிறதா, அல்லது அதன் வண்ணங்களை மட்டும் பொறுக்கிக்கொள்கிறதா?

முதல் கேள்வியில் அலியானோ எளிதாகத் தேறிவிடுகிறது. லேவி ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது காவல்துறைக் கட்டளை. ஊருக்கு வெளியே இருக்கும் கல்லறைத் தோட்டம்தான் அவர் போகக்கூடிய கடைசி இடம். ஆகவே அந்த நூலின் உலகத்தில் பெரும்பகுதி சில நிமிட நடைக்குள் அடங்கியது. வேறு எழுத்தாளர்களின் ஊர்களில் நடைப் பாதையை யாராவது வகுக்க வேண்டும். இங்கே அதை அரசாங்கமே வகுத்துவிட்டது. அவர் குடியிருந்த வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால், மழை அரித்துப் பிளந்த வெளிறிய களிமண் சரிவுகள் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை தெரியும். விவசாயிகளின் வயல்கள் அதற்கும் அப்பால், மலேரியா குடியிருந்த பள்ளத்தாக்கில் இருந்தன. இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்பிய மனிதர்களைப் பற்றி வாசிப்பது ஒன்று. அந்தச் சரிவைக் கண்ணால் அளந்து, இதில் கழுதையோடு தினமும் ஏறி இறங்கினார்களா என்று திகைப்பது வேறு. புதிதாகத் தோண்டிய குழிக்குள் படுத்துக்கொண்டு லேவி வானம் பார்த்த கல்லறைத் தோட்டத்தில், 1975இல் இறந்த அவரே புதைக்கப்பட்டிருக்கிறார். நடை அங்கே முடிந்தால் அது வெறும் அஞ்சலி அல்ல. நூலின் எல்லைக்கோட்டில் நிற்பது.

ஆனால் நிலத்தை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. லேவி இந்த நூலை எழுதியது அலியானோவில் அல்ல. 1943–44இல், ஜெர்மானியப் படையின் பிடியிலிருந்த ஃப்ளாரன்ஸில், தலைமறைவாக இருந்தபடி நினைவிலிருந்து எழுதினார். ஊரின் பெயரைக்கூட கல்யானோ என்று மாற்றினார். ‘இந்த வாசலில்தான் அது நடந்தது’ என்று வழிகாட்டி அடித்துச் சொல்லும்போது, நினைவால் கட்டிய ஓர் ஊர் தடயப் பட்டியலாகச் சுருங்கிவிடுகிறது.

இரண்டாவது கேள்விதான் கடினமானது. நடிகருக்கு இந்த நூலில் கை நீட்டிய இடமெல்லாம் வேடம் கிடைக்கும். மந்திரம் தெரிந்த பணிப்பெண் ஜூலியா, ஓநாய்களை வசப்படுத்தும் கிழவர், ஞானஸ்நானம் பெறாமல் இறந்து சிவப்புக் குல்லாவோடு திரியும் குழந்தை ஆவிகள் என்று எவரையும் பத்து நிமிடத்தில் நடித்துக் கைதட்டல் வாங்கலாம். நூலின் முதுகெலும்போ வேறு. ரோம் என்பது விவசாயிக்கு வரியாகவும் போராகவும் மட்டுமே வந்து சேர்ந்தது என்பதுதான் லேவியின் வழக்கு. ஆடு பயிரைக் கெடுக்கிறது என்று ஆட்டுக்கு வரி போட்டார்கள். முள்ளைத் தவிர வேறு எதுவும் முளைக்காத நிலத்தில் ஆட்டை விட்டால் பாலுக்கு வழி ஏது? வரி கட்ட வக்கில்லாதவன் ஆட்டை வெட்டினான். இதற்கு ஒப்பனை தேவையில்லை. ஆகவே இதை நடிக்க யாருக்கும் எளிதில் தோன்றுவதுமில்லை.

இந்தச் சறுக்கலின் விதை நூலுக்குள்ளேயே இருக்கிறது. லேவி விவசாயிகளை வரலாற்றுக்கு வெளியே, காலம் தொடாதவர்களாகக் காட்டிவிட்டார் என்று கம்யூனிஸ்ட் விமர்சகர் மாரியோ அலிகாட்டா 1954இல் எழுதினார். அந்த வட்டாரத்து மந்திரச் சடங்குகளை ஆராய்ந்த எர்னெஸ்தோ தெ மார்ட்டினோவின் ‘தெற்கும் மந்திரமும்’ 1959இல் வந்தது. பிறப்பிலிருந்தே நிச்சயமற்ற வாழ்க்கைக்கு மனிதர்கள் தேடிய பாதுகாப்பு அந்தச் சடங்குகள் என்பது அவர் விளக்கம். இந்த விவாதங்களுக்குப் பிறகும் ஜூலியாவை வசியக்காரியாக மட்டும் நிறுத்தும் நடிப்பு, நூலின் பலவீனத்தைப் பெரிதாக்கிப் பயணிக்கு விற்கிறது.

நல்ல வேளையாக, எப்படி நடிக்க வேண்டும் என்பதற்கான அளவுகோலையும் லேவியே விட்டுச் சென்றிருக்கிறார். அவர் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று தடை வந்தது. அனுமதிக்குக் காத்திருந்த தாமதத்தில் ஒரு நோயாளி இறந்தார். கொதித்தெழுந்த ஊர் கடைசியில் ஆயுதத்துக்குப் பதிலாகக் கூத்தை எடுத்தது. வெள்ளை உடையில் நல்ல வைத்தியர், கறுப்பில் கெட்ட வைத்தியர். ரோமிலிருந்து வரும் ஆணை நல்லவரை விரட்டுகிறது. இதைத் தெருவில், ஊர்ப் பெரியவர்கள் பார்க்கும்படி ஆடினார்கள். அந்த நாடகத்துக்கு எதிராளி இருந்தார், அபாயமும் இருந்தது. சீட்டு வாங்கி வந்த வெளியூர்க் கூட்டத்தின் முன்னால் இந்த இரண்டும் இல்லை. இந்த இழப்பைச் சரிக்கட்ட ஒரே வழி, காட்சியை இன்றைக்கு இழுத்து வருவதுதான். லேவி வருவதற்கு முன்பே இந்த ஊர்க்காரர்கள் பலர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியிருந்தார்கள். இன்றும் தெற்கின் சிற்றூர்கள் வேலை தேடிப் போகிறவர்களால் காலியாகின்றன. ரோமின் கட்டளைகளை அன்று கேலி செய்த தெருவில் இதைப் பேசாத நடிப்பு வெறும் ஆடை அலங்காரம்.

ஆகவே என் தீர்ப்பு பிரிந்தது. நடை தன் காலில் நிற்கிறது. நடிப்பு காட்சித் தேர்வைப் பொறுத்தே நிற்கும் அல்லது விழும். ஆவிகளைக் குறைத்து, ஆட்டு வரியையும் வைத்தியர் கூத்தையும் நடுவில் வைக்கும் பயணம் திறனாய்வுக்கு நிகரானது. அப்போதும் அது நூலை ஏற்கெனவே படித்தவருக்கான இரண்டாம் வாசிப்புதான். படிக்காமல் வருகிறவருக்கு லேவியின் குற்றச்சாட்டு எட்டாது; அழகான ஒரு மாலை மட்டுமே மிஞ்சும்.