குளம்பொலி போதும்

தமிழ்த் தொலைக்காட்சியில் பயத்தின் அளவறிந்து எடுத்த தொடர், 'மர்மதேசம்' வரிசையில் வந்த 'விடாது கருப்பு'. இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டுவிடு கருப்பா' நாவலை, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனத்துக்காக நாகா இயக்கினார். 1990களின் பிற்பகுதியில் சன் டிவியில் வாரம் ஒருமுறை வந்தது. தப்பு செய்தவனைக் காவல் தெய்வமான கருப்பு குதிரையேறி வந்து தண்டிக்கும் என்று ஒரு கிராமம் நம்புகிறது, சாவுகளும் விழுகின்றன. பேய்க்கு யார் வேண்டுமானாலும் அகப்படலாம், உச்சிவேளையில் புளியமரத்தடியில் நடந்து போனதே போதும். கருப்பு அப்படியல்ல, கணக்கு வைத்துக்கொண்டு வருகிறது. செத்தவனுக்காகப் பதறும் பார்வையாளர், அவன் செய்ததை நினைத்ததும் கருப்பின் பக்கம் சாய்ந்துவிடுகிறார். இந்த இரட்டை மனநிலைதான் தொடரின் உயிர்.

தர்மபுரி மாவட்டத்தாருக்கு இப்படியொரு தெய்வத்தை விளக்கவே வேண்டாம். பென்னாகரம் பக்கம் பி. அக்ரகாரம் முனியப்பனைக் கும்பிடுகிறவர்களுக்கு, உருட்டிய விழியும் முறுக்கிய மீசையும் ஓங்கிய அரிவாளும் பட்டப்பகலில் பார்த்துப் பழகிய உருவம். முனியப்பன் மேல் ஆணை என்று சொன்னபின் பொய் பேச நாக்கு எழாது. அந்த உருவம் பார்ப்பவர் மனசில் ஏற்கெனவே இருப்பதால், நாகா அதை முழுசாகக் காட்ட அவசரப்படவில்லை. இருட்டில் நெருங்கி வரும் குளம்பொலி, ஓடுகிறவனின் மூச்சிரைப்பு, இவ்வளவே போதுமாக இருந்தது. எம். ஆர். ஜேம்ஸ் 1904இல் வெளியிட்ட பேய்க்கதையை 1968இல் பிபிசிக்காகப் படமாக்கிய ஜொனாதன் மில்லரும் குறைவாகத்தான் காட்டினார்; அங்கே பேய் என்பது எழுந்து நிற்கும் ஒரு படுக்கைவிரிப்பு. ஆனால் அந்தப் படத்தின் நாயகனான பேராசிரியர் கடற்கரை விடுதி அறையில் தனியாகப் பயப்படுகிறார். இங்கே ஓர் ஊரே சேர்ந்து பயப்படுகிறது. திண்ணையில் ஒருவர் குரலைத் தாழ்த்தினால் மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். வாரத்துக்கு ஒரு பகுதி என்பதும் இதற்கு உதவியது. அடுத்த பகுதி வரும்வரை ஊர்ப்பேச்சை வீட்டுப்பேச்சு தொடர்ந்தது.

கடைசியில் எல்லாவற்றையும் மனநோய் என்று சொல்லி முடித்தது ஏமாற்று வேலை என்று குறை சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த முடிவுக்கான விதையைத் தொடர் ஒளித்துவைக்கவில்லை. இடையிடையே வரும் பால்யப் பகுதிகளில் நம் கண்முன்னே ஊன்றியிருக்கிறது. தப்பு செய்தால் கருப்பு விடாது என்று கேட்டுக் கேட்டு வளரும் சிறுவனாக லோகேஷ் நடித்திருப்பதைக் கவனிக்க வேண்டும். குறும்பு செய்யும்போது ஒளிரும் முகம், அடுத்த கணமே யாராவது பார்த்துவிட்டார்களா என்று தேடுகிறது. அந்தத் தேடல் வளர்ந்தவனுக்குள் இன்னொருவனாக எழுந்து நிற்பதை நம்ப மருத்துவ விளக்கம்கூடத் தேவையில்லை. குதிரையில் வந்தது யார் என்பதற்கு அறிவியல் பதில் சொல்லிவிடுகிறது. அந்தத் தண்டனைகளை நியாயம் என்று ஊரும் நாமும் எப்படி ஏற்றுக்கொண்டோம் என்ற கேள்விக்கு அது பதிலாகாது. தொடரும் அதற்குப் பதில் சொல்ல முயலவில்லை.